ராணிக் குதிரையின் இடது காது

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் இரண்டு பையன்கள் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள். காற்றடைத்த பிளாஸ்டிக் குதிரைகள். உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி சுற்றினால்தான் குதிரை நிமிர்ந்து நிற்குமாம். நான் சந்தனம் எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் ஒன்றுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது. குதிரை மெல்லத் தலையைத் தொங்கப்போட்டு, மடங்கி, பையனின் இடுப்பில் ஈரத் துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டது. பாவம், அவன் அப்படியே ஆடிக்கொண்டிருந்தான். புது பிளாஸ்டிக் வாடை அடித்தது. எனக்கு ஏனோ நனைந்த காகிதக்கூழின் வாடை ஞாபகத்துக்கு வந்தது. அதன் பின்னாலேயே மாயாண்டியும் பேச்சியம்மாளும் வந்து நின்றுகொண்டார்கள்.

என் முதல் வேலை என்னவென்று உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா? பாலக்காட்டில் நாட்டுப்புறக் கலைகளைப் பாதுகாக்கிற ஓர் அறக்கட்டளை. அங்கே எனக்குக் 'களப் பொறுப்பாளர்' என்று பெயர். அதே மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் களம் என்றால் நெல்லடிக்கிற இடம். நான் அரிசி வியாபாரத்தில் சேர்ந்திருப்பதாகவே அப்பா கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் செயலாளர் வங்கியில் ஓய்வு பெற்றவர், கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். எந்தக் கலையைப் பார்த்தாலும் அதைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும் அவருக்கு.

ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "குமுளிப் பக்கம் ஆனைக்கரைல ஒரு புருஷனும் பொண்டாட்டியும் பொய்க்கால் குதிரை ஆடறாளாம். தம்பதியா ஆடறது அபூர்வமாக்கும். நம்ம விழாவுக்கு அழைச்சுண்டு வா."

குமுளியில் இறங்கி ஜீப் பிடித்துப் போனேன். ஏலத் தோட்டத்துக்குள், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கட்டிய லயம். முதல் வீட்டில் மாயாண்டி இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எனக்குச் சம்மதம் சார். அதுகிட்டயும் கேட்டுருங்க" என்றார்.

"எதுகிட்டங்க?"

"கடைசி வீட்ல இருக்கும்."

கடைசி வீட்டில் பேச்சியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெயர்தான் பேச்சி. புருஷனோடு பேச்சு நின்று ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் திருவிழா வந்தால் இருவரும் கட்டைக்காலைக் கட்டிக்கொண்டு, குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராஜாவும் ராணியுமாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி ஆடுவார்கள். மேளம் நின்றதும் சிரிப்பும் நின்றுவிடும்.

"ஏனுங்க, அப்படி என்ன சண்டைங்க?" என்று கேட்டேன். என் 'ஏனுங்க'வைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"எங் குதிரையோட எடது காத எலி தின்னுருச்சு. புதுசா ஒரு காது செஞ்சு வைக்கச் சொன்னேன். அந்தாளு செருப்ப அறுத்துத் தச்சு வச்சிருக்கு. கால்ல போட்டுத் தேஞ்ச செருப்பு சார். அது தெரியாம நான் ரெண்டு திருவிழா மாரியம்மன் முன்னால ஆடியிருக்கேன். இன்ன வரைக்கும் அத மாத்தல."

அந்த வரிசையில் ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் கேட்கும். அந்தக் கோடியிலிருந்து மாயாண்டியின் குரல் வந்தது: "தோலுன்னா தோலுதான? அதுக்கப்பறம் எலி அந்தப் பக்கம் வந்துச்சான்னு கேளுங்க சார்."

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர் காதில் எதுவுமே விழாத மாதிரி முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன சார் சொல்லுச்சு அந்தாளு?" என்றார்.

சொன்னேன். வேறென்ன செய்வது? அன்றைக்குப் பூராவும் அந்த லயத்தின் நீளத்தை நடந்து நடந்து அளந்தேன். பொறுப்பாளருக்குக் களம் கிடைத்துவிட்டது. கடைசியில் பேச்சியம்மாள், "கூப்புட்டா ஆடணும். அது வேற, இது வேற" என்று சம்மதித்தார்.

கம்பம் இறங்கி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குப் பயணம். குதிரைகள் ஜீப்பின் கூரைமேல். பின் இருக்கையில் ராஜா ஒரு ஜன்னல், ராணி ஒரு ஜன்னல், நடுவில் நான்.

"காத்து மூஞ்சில அடிக்குது. அந்தாளு பக்கத்துக் கண்ணாடிய ஏத்தச் சொல்லுங்க சார்."

ஒரு சோதனைக்காக நான் சும்மா இருந்து பார்த்தேன். மாயாண்டி கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார். நான் சொன்ன பிறகுதான் கண்ணாடி ஏறியது.

எல்லைச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டோம். கால்நடைகளுக்கு ஏதோ நோய் பரவியிருந்த சமயம். மேலே என்ன என்று கேட்ட அதிகாரியிடம் டிரைவர் யோசிக்காமல் "குதிரைங்க" என்றுவிட்டார்.

நான் அவசரமாக இறங்கி, "உயிரில்லாத குதிரைங்க" என்றேன்.

"சத்த குதிரயோ? எங்கில் தீரே பற்றில்லா" என்றார் அவர். உயிருள்ளதற்குச் சான்றிதழ் போதும், செத்ததைக் கொண்டுபோகவே முடியாது என்று மலையாளத்தில் விளக்கினார். மாயாண்டி மேலே ஏறி, ராஜாக் குதிரையைக் கழற்றி மாட்டிக்கொண்டு, சாலை நடுவில் இரண்டு சுற்று ஆடிக் காட்டினார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் கை தட்டினார்கள். அதிகாரிக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் விதி விதிதான் என்று, முதுகில் மருந்து டப்பா கட்டிய ஆளைக் கூப்பிட்டு இரண்டு குதிரைகளுக்கும் மூக்கிலிருந்து வால்வரை மருந்தடிக்கச் சொல்லிவிட்டார்.

சாயம் கரைந்து குதிரைகள் இரண்டும் கண்மை வழிய அழுதுகொண்டு நின்றன. ஊறிய காகிதக்கூழும் மருந்தும் கலந்து ஒரு வாடை. பேச்சியம்மாள் முந்தானையால் தன் குதிரையைத் துடைத்தார். பிறகு ராஜாக் குதிரையின் முகத்தையும் துடைத்தார். மாயாண்டி சாலையின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவில் இன்னொரு கூத்து. நையாண்டி மேளத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் பழக்கதோஷத்தில் செண்டைக்குச் சொல்லியிருந்தார்கள். செண்டை ஏற ஏற, கட்டைக்காலில் நின்றவர்கள் திகைத்துப்போய், பிறகு எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சாயம் போன குதிரைகள் மேல் இருவரும் சிரித்தபடி சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் மேடைப் பக்கம் ஓடிவந்தார். நேராக ராணிக் குதிரையின் இடது காதைப் பிடித்தார். தடவினார். மோந்துகூடப் பார்த்தார்.

"இது சாதாரண வேலை இல்லையாக்கும். கைத்தையலைப் பார்த்தியோ? என்ன தோல் இது? எந்தக் காலத்து முறை?"

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாறு வருஷமாக லயம் முழுக்கச் சொல்லித் தீர்த்த கதை, இப்போது நூறு பேர் முன்னால் வரப்போகிறது என்று நினைத்தேன்.

பேச்சியம்மாள் செயலாளரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "அது எங்க வீட்டுக்காரரு வச்ச காது."

அவ்வளவுதான். மாயாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

செயலாளர் விடவில்லை. "இந்தக் குதிரைகள் ரெண்டும் இனி நம்ம காட்சிக்கூடத்துல இருக்கட்டும். கண்ணாடிப் பெட்டியே பண்ணி வச்சிருக்கேன். எலி வராது, மழை படாது. இந்தக் கலை காலாகாலத்துக்கும் பத்திரமா இருக்கும், கேட்டேளா?"

"அப்ப நாங்க எதுல சார் ஆடுறது?" என்றார் மாயாண்டி.

"நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம். உங்களுக்கு டிக்கெட் கிடையாது."

பேச்சியம்மாள் கட்டைக்காலை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். நான் பழக்கத்தில் அவர் பக்கம் காதைச் சாய்த்தேன். அவர் என்னைத் தாண்டிப் புருஷனைப் பார்த்தார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? குதிரையத் தூக்குங்க, போவோம்."

திரும்பும்போது ஜீப்பில் நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் கம்பம் வரைக்கும் பேச்சு ஓயவில்லை. ஐந்தாறு வருஷத்துப் பாக்கி. பெரும்பாலும் திட்டுத்தான்.

அந்த அறக்கட்டளை இப்போது இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஒரு பேக்கரிக்காரர் வாங்கிப்போய்ப் பப்ஸ் அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்வி. லயத்தை இடித்துவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு மரவீடுகள் கட்டியிருக்கிறார்கள். இடிப்பதற்கு முந்தைய மழையிலேயே கூரை ஒழுகிக் குதிரைகள் கரைந்து, மூங்கில் கூடுகள்தான் மிச்சமாம். அவற்றைப் பக்கத்து வீட்டில் கோழி கவிழ்க்க எடுத்துக்கொண்டார்கள். மாயாண்டி அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதெல்லாம் அந்தக் கல்யாண வீட்டிலிருந்து வந்த பிறகு, ஆளைத் தேடிப் பிடித்துப் போனில் பேசியபோது பேச்சியம்மாள் சொன்னது. திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலியாம். நடக்க முடிகிறதா என்று கேட்டேன்.

"நடக்கலாம் சார். ஆட்டத்துல அவரு எனக்கு வலது பக்கமாத்தான வருவாரு. அந்த நெனப்புல இப்பயும் ரோட்ல வலது ஓரமா ஒரு குதிரைக்கு எடம் விட்டு, உள்ள தள்ளியே நடக்குறேன். பைக்ல போறவங்கெல்லாம் திட்டிட்டுப் போறாங்க."