ஆரின் ஹால்வர்சன் வேண்டாம் என்ற நிவாரணம்

ஆரின் ஹால்வர்சன் அரசாங்கப் பணத்தைத் தொடவே மாட்டாராம். தீவனக் கடைக்காரர் சொன்னார். அவருக்குச் சொன்னது பால் வண்டி ஓட்டுநர். ஓட்டுநரைப் பிடித்து உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "ஊரே சொல்லுதே, ஷென்" என்றார். செண்பகம் என்ற என் பெயர் பதினேழு வருடத்தில் இங்கே அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது.

விவசாயிகளின் கொரோனா நிவாரண மனுக்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்தில் நான்தான் எழுத்தர். அன்று வெள்ளிக்கிழமை, மனுப் பதியக் கடைசி நாள்.

மின்னசோட்டா மாநிலத்தின் இந்த மூலையில் ஆரினுக்கு ஐம்பத்திரண்டு கறவை மாடுகள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் "மோசமில்லை" என்பார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். தேவாலய விருந்தில் கடைசித் துண்டு கேக்கை முழுதாக எடுக்கமாட்டார், பாதியாக வெட்டுவார். அடுத்து வருபவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார். முடிவில் தட்டில் மிஞ்சுவதைத் தின்ன எறும்புக்கே கூச்சமாக இருக்கும்.

வசந்தத்தில் பள்ளிகளும் உணவகங்களும் மூடியபோது பாலை வாங்க ஆளில்லை. பதினொரு நாள் அதைச் சாணக் குழியில் ஊற்றினார். நிவாரணம் இல்லையென்றால் சனிக்கிழமை காலை லாரி வந்து பாதி மாடுகளை ஏலத்துக்கு ஏற்றிப் போய்விடும். ஓட்டுநர் போகிற போக்கில் அதையும் சொல்லியிருந்தார்.

அலுவலகத்துக்கு ஓடிப்போய் ஆரினின் கோப்பைப் பிரித்தேன். 'அழைத்தேன். வேண்டாம் என்றார்' என்று இரண்டு முறை எழுதியிருந்தது. கையெழுத்து, நியூ ஜெர்சியிலிருந்து கோடையில் மாற்றலாகி வந்த மார்க்கோவுடையது.

"'என்னைவிடக் கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்க'ன்னாரு," என்றான் மார்க்கோ. "ரெண்டு தடவையும் அதேதான். பெரிய மனுஷன் பேச்சை மதிக்க வேண்டாமா?"

"ரெண்டோட விட்டுட்டியா? இங்க மூணாவது தடவை சொல்றதுதான்ப்பா பதில்!"

"அப்போ முதல் ரெண்டும்?"

"மரியாதை."

முன்பெல்லாம் பிரச்சினையே இல்லை. மனுஷர் நேரில் வருவார், வேண்டாம் என்பார், காப்பி குடிப்பார், மறுபடி வேண்டாம் என்பார், கிளம்பும்போது கதவருகே தயங்கி நிற்பார். இப்போது கதவே பூட்டியிருக்கிறது. எல்லாம் தொலைபேசியில்தான். தொலைபேசியில் தயங்கினால் யாருக்குத் தெரிகிறது?

ஆரினின் மனைவி வேர்னாவை அவளுடைய கைபேசியில் பிடித்தேன். தேவாலயத்தில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரமா போன் பக்கத்துலயேதான் உக்காந்திருக்காரு," என்றாள். "என்னன்னு கேட்டா கால் வலிங்கிறாரு."

"நீங்களே கூப்பிட்டிருக்கலாமே வேர்னா?"

"நாங்களா? கேட்டு வாங்கவா?" வங்கியில் கொள்ளையடிக்கச் சொன்னதுபோல அவள் குரல் இறங்கியது.

"நாலரைக்குள்ள அவர் வாயால 'சரி'ன்னா போதும். பதிஞ்சிடுவேன். கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."

"அப்போ நீயே கேளு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத, ஷென். அப்புறம் நிஜமாவே வேண்டாம்னுடுவாரு."

மணி நான்கு இருபது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: குளிர் எப்படி, சோளம் எப்படி, அதற்குப் பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, நிவாரணம். எண்ணை அழுத்தினேன்.

மறுமுனையில் போன் ஒரு முறை அடித்தது. இரண்டு. மூன்று.

"எடுக்கலையா?" என்றான் மார்க்கோ.

"கை நீட்டுனா எட்டுற தூரம்தான். உடனே எடுத்தா காத்துக்கிட்டிருந்தது தெரிஞ்சிடுமே."

"எத்தனாவது ரிங்குல எடுப்பாரு?"

அது எனக்கும் தெரியாது. பதினேழு வருடத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன். தொழுவத்துக்குப் போயிருந்தால்? நாலு இருபத்திரண்டு. ஆறாவது முறை அடித்தது. ஏழாவதும். நான் போனை வைக்கவில்லை.