கல்முட்டைக்கு ஒரு மாடு

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

என் வீட்டுக்காரர். பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்திருந்தார். தோட்டத்து லாரி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்த பிறகு லைசென்ஸ் போய்விட்டது.

பழைய கிராணி ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவர், எங்கள் பேரும் வேலைநாளும் ஒரு காலத்தில் அவர் கையில்தான் இருந்தன. இப்போது பக்கத்தில், சுவா என்கிற ஊரில், மகள் வீட்டில் இருக்கிறார். பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார்.

விற்க வந்த ஆள். வேனில் சுற்றி பழைய சாமான் வாங்கி விற்பவர். பித்தளை விளக்கு, பழைய ரேடியோ, செல்லாத காசு. நல்ல பேச்சு.

மாடு. கொட்டகையில் கட்டியிருந்தது. சினை.

நான்.

ஸ்டூலின் மேல், விரித்த கோணியில், முட்டை.

ஓர் உரித்த தேங்காய் அளவு இருந்தது. சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம். மேலெல்லாம் மெல்லிய ஓடு, வெயிலில் வெடித்த குளத்துமண் போல, துண்டு துண்டாக. நடுவில் சுற்றி வர ஒரு விரிசல். குட்டி வெளியே வரப் பார்த்த விரிசல் அது என்று அந்த ஆள் சொன்னார். கோலா கிளாவாங் மலையில் டுரியான் நட மண் வெட்டியபோது கிடைத்ததாம். டைனோசர் முட்டையாம்.

அவர் காசு கேட்கவில்லை. மாட்டைக் கேட்டார்.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது கார்த்திகை முடிந்து இரண்டு வாரம் கழித்து. பெடாசில் அவருடைய அண்ணன் மாடு வளர்க்கிறாராம், என் மாட்டை விலைக்குத் தர முடியுமா என்றார். முடியாது என்றேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஒதுங்கி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, கைப்பேசியில் டைனோசர் படம் காட்டிக்கொண்டிருந்தார். லாரி போனதிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பொங்கல் முடிந்ததும் அந்த ஆள் முட்டையோடு வந்துவிட்டார்.

கிராணி ஐயா குனிந்து வெகுநேரம் பார்த்தார். மூக்கு முட்டையில் படும்போல இருந்தது.

"ஐயா, எங்க பேர் போட்டப்ப இப்படி உத்துப் பாத்திருந்தீங்கன்னா, எங்களுக்கு ஒரு நாள்கூட கொறஞ்சிருக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"உமக்கு அப்பவும் வாய், இப்பவும் வாய்" என்றார் அவர், நிமிராமலே. பிறகு ஓட்டின்மேல் விரல் வைத்துச் சொன்னார்: "கோதைப் பாரும். கண் கண்ணாய் துவாரம் கிடக்கு. செய்த சாமான் எண்டால் இப்படி வராது. எனக்கு மெய் போலத்தான் தெரியுது."

படித்தவர் சொன்னால் எங்களுக்கு அது போதும்.

அந்த ஆள் அவசரப்படுத்தவில்லை. முட்டையை வெள்ளிக்கிழமை வரை வைத்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தால் அன்று லாரி வரும், மாடு போகும். பிடிக்காவிட்டால் முட்டையை எடுத்துக்கொண்டு போவார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாடு என்னுடையது. கித்தா மரங்களை, அதாவது ரப்பரை, வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது எனக்குப் பால்வெட்டு வேலை போனது. அதற்குப் பிறகு வாங்கியது இதன் தாயை. நாலு மணிக்கு விழித்துப் பழகிய உடம்பு. மாடு இல்லை என்றால் நாலு மணிக்கு எழுந்து நான் என்ன செய்வேன். அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

"நாப்பது வருசம் அடுத்தவன் சரக்க ஏத்தினேன்" என்றார். "ஒரு சரக்காவது என் சரக்கா இருக்கட்டுமே புள்ள."

நிஜ முட்டை என்றால் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். நிஜமா என்று பார்க்கவேண்டியது என் வேலை.

எனக்குத் தெரிந்த முட்டை கோழிமுட்டை. அதற்குச் செய்வதையே செய்தேன். வாளித் தண்ணீரில் விட்டேன். மூழ்கியது. கல் மூழ்காமல் என்ன செய்யும். டார்ச் அடித்தேன். வெளிச்சம் உள்ளே போகவில்லை. காதில் வைத்து ஆட்டினேன். சத்தம் இல்லை. அடைகாக்கும் கோழிக்குப் பக்கத்தில் வைத்தேன். கோழி ஒரு கண்ணால் பார்த்தது. மெல்ல எழுந்து வந்து அதன்மேல் ஏறி, இறக்கை விரித்து உட்கார்ந்தது. கால் இரண்டும் எட்டவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் இருக்கும். கோழிக்கு அறிவில்லை என்று எனக்குத் தெரியும். போர்ட்டிக்சன் பக்கம் பொறுக்கிய கோல்ப் பந்தைக் கூட்டில் போட்டாலும் அடைகாக்கும். ஆனால் அவர் சிரித்தபோது நான் அதைச் சொல்லவில்லை.

கடைசியாகச் சுக்கா. ரப்பர் பாலை உறையவைக்கிற அமிலம். ஒரு பாட்டிலில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஓட்டின்மேல் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. முட்டை ஓடு சுக்காவில் நுரைக்கும், கருங்கல் நுரைக்காது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதோடு நானும் நம்பிவிட்டேன். தோட்டத்துப் பால் ஸ்டோரில் சிமெண்டுத் தரையில் சுக்கா கொட்டினாலும் அப்படித்தான் நுரைக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ.

அந்த நாட்கள் ஒரு மாதிரியாக இருந்தன. முட்டையைப் பழைய கைலியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்ப்பேன். காலையில் குளிர்ந்திருக்கும். மத்தியானம் அடுப்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஏதோ தூங்குகிற மாதிரி. வாணலியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தேன்.

புதன்கிழமை விடியலில் பனி இறங்கியிருந்தது. பால் கறந்துவிட்டு நிமிர்ந்தேன். செம்பனைகள் அடிமரம் தெரியாமல் பனியில் நின்றன. தலை மட்டும் மேலே. ஒவ்வொன்றும் கழுத்து நீட்டி நிற்கிற மிருகம் போல இருந்தது. அவை ஈர ஓலையை மெல்ல அசைத்தன. பயமாக இல்லை. இந்த மண்ணில் செம்பனைக்கு முன்னால் கித்தா. கித்தாவுக்கு முன்னால் காடு. காட்டுக்கு முன்னால் இவைதானா. நான் வாளி தூக்கி நடந்த மர நிரையில், எனக்கு முன்னால் ஒன்று வயிறு கனத்து நடந்து வந்து, இடம் பார்த்து, முட்டை இட்டுவிட்டுப் போயிருக்கும். திரும்பி வந்து பார்த்திருக்குமா, தெரியாது. மாடு என் முதுகில் மூச்சு விட்டது. அதுவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரும் மாறிவிட்டார். பேசாதவர் பேசினார். கண்ணாடிப் பெட்டி செய்யவேண்டும் என்றார். நம் வீட்டைத் தேடி ஆள் வரும், பள்ளிக்கூடப் பஸ் வரும், செம்மண் ரோட்டில் பஸ்ஸைத் திருப்ப இடம் வேண்டும் என்றார். குச்சியால் தரையில் கோடு போட்டு, பஸ் எங்கே திரும்பும் என்று காட்டினார். நான் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு எழுந்தேன். முட்டையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உனக்குப் பதில் இதுதான் என்று மாட்டுக்குக் காட்ட நினைத்தேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான் பலகையில் சாய்ந்து, முட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். இருட்டு. கண் சொக்கியது.

பால்வெட்டு வேலையில் மரத்துக்கு ஒரு மங்கு. பால் விழுகிற கோப்பை, உள்ளங்கையில் ஏந்துகிற பீங்கான். மரத்தைக் கீறுவதற்கு முன் அந்த மங்கைக் கட்டைவிரலால் உள்சுற்றித் துடைக்கவேண்டும். முதல்நாள் ஒட்டுப்பால் தோல்போல உரிந்து வரும். இருட்டில்தான் செய்வோம். கண்ணுக்கு வேலை இல்லை. விரல் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

அரைத்தூக்கத்தில் என் விரல் முட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. சுக்கா பட்ட இடத்தில் ஓடு இளகியிருந்தது. ஒரு துண்டு உதிர்ந்தது. விரல் அடியில் இருந்த மழமழப்பில் போனது. போய், ஓர் இடத்தில் தானாகத் தாண்டிக் குதித்தது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. விரலை மறுபடி விட்டேன். மறுபடி தாண்டியது. அங்கே மிளகு அளவில் ஒரு பள்ளம். அதை ஒட்டி நகக்கீறல் போல வளைந்த ஒரு மேடு.

என் நிரையில் கடைசிக்கு முந்தின மரம். அதன் மங்கில் சூளையிலேயே வந்த ஒரு குமிழ், மிளகு அளவு. பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு பிளவு. பதினொரு வருடம் அந்தக் குமிழைத் தாண்டித்தான் துடைத்தேன். மங்கில் மேடு. இங்கே பள்ளம். மங்கில் பிளவு. இங்கே மேடு.

மரம் வெட்டிய அன்று என் கடைசி நாற்பது மரத்து மங்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கார்த்திகைக்கு அவற்றில்தான் எண்ணெய் ஊற்றித் திரி போடுவேன். போன கார்த்திகைக்கும் போட்டேன். கிராணி ஐயா வந்திருந்தார். பழக்கதோஷம், விரல் நீட்டி எண்ணினார். "நாப்பது. சரி" என்றார். மறுநாள் கழுவி, கொட்டகைப் பலகையின் கீழே அடுக்கிவைத்தேன். மழைக்கு அந்த ஆள் உட்கார்ந்திருந்தது அந்தப் பலகையில்.

கைக்கு எட்டிய ஒரு மங்கை எடுத்து முட்டையின் மேல் கவிழ்த்தேன். மூடி போல, நடு விரிசல் வரை சரியாக உட்கார்ந்தது.

விடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன். குமிழையும் பிளவையும் சொன்னேன். அவர் மங்கை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

"எல்லா மங்கும் உருண்டதானே" என்றார்.

"ஆமா."

"கல்லும் உருண்டதானே."

"ஆமா."

"எண்ணுனியா?"

"இல்ல."

"எண்ணாத" என்றார்.

நான் எண்ணவில்லை. அன்று முழுக்க முட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார். சாயங்காலம் காற்று வந்து, தரையில் போட்டிருந்த பஸ் கோட்டில் சருகைத் தள்ளியது. அவர் குனிந்து பொறுக்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. முந்தி இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். கிராணி ஐயா சாட்சிக்கு வந்திருந்தார். லாரியின் பின்கதவைத் திறந்து பலகை சாய்த்தார்கள். அந்த ஆள் கொட்டகையில் கயிற்றை அவிழ்த்தார். மாடு அவர் பின்னால் வந்தது. பலகையில் ஒரு காலை வைத்து நின்று என்னைப் பார்த்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றார் அவர். "எந்த மலைன்னு சொன்னீங்க?"

கோலா கிளாவாங் மலை என்று அந்த ஆள் சொன்னார். டுரியானுக்கு மண் வெட்டியது, எல்லாம் முன்பு சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல்.

"இவ இது எங்க மங்குல சிமெண்ட ஊத்தி வார்த்ததுங்குறா."

அந்த ஆள் சிரித்தார். "அண்ணே, எந்தத் தோட்டத்துலதான் மங்கு இல்ல? அக்காவுக்கு மாட்ட விட மனசில்ல. அதான் லா. ஐயாவே பாத்துச் சொன்னாரு."

கிராணி ஐயா பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டார். "கோது மெய்தான். அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு நான் சொல்லயில்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் முட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். பிறகு ஸ்டூலில் வைத்தார்.

"முட்டதான் தம்பி. எந்த மரத்து முட்டன்னு பாப்போம்" என்றார். என்னைப் பார்த்து, "இந்தா புள்ள. இப்ப எண்ணு."

கோணியை வாசலில் விரித்தேன். கொட்டகைப் பலகையின் கீழிருந்து மங்குகளைக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கட்டைவிரலைச் சுற்றி, கோணியில் கவிழ்த்தேன். அவசரப்படவில்லை. அந்த ஆள் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். இருபதுக்கு மேல் கயிறு தளர்ந்தது. மாடு பலகையிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, தரையில் போட்ட பஸ் கோட்டின்மேல் நடந்து, கொட்டகைக்குப் போனது. யாரும் தடுக்கவில்லை. கிராணி ஐயா உதட்டுக்குள் என்னோடு எண்ணிக்கொண்டே வந்தார்.

கடைசி மங்கிலும் விரல் சுற்றினேன். குமிழ் எதிலும் இல்லை. கொட்டகைக்குப் போய், பலகையின் கீழே கையை விட்டு மூலை வரை துழாவினேன். வெறும் மண். திரும்பி வந்து கடைசி மங்கைக் கவிழ்த்தேன்.

முப்பத்தெட்டு.