கற்றுக்கொண்டே இருப்பவர்

அச்சகத்தின் மூத்த மெஷின்காரர் இருபது வருடத்தில் ஒரு பயிற்சி வகுப்பையும் விட்டதில்லை. பதினோரு சான்றிதழ்கள் வைத்திருந்தார். மேற்பார்வையாளர் பதவிக்கான விண்ணப்பத்தில், "இன்றும் கற்றுக்கொண்டே இருக்கிறேன்" என்று பெருமையாக எழுதினார்.

மேலாளர் அந்த வரியை விரலால் தட்டினார். "என்னண்ணே, இன்னும் கத்துக்கிட்டேதான் இருக்கீங்களா? முடிச்சுட்டு வாங்க, பாக்கலாம்."

ஒரே ஒரு வகுப்புக்கு வந்து அதிலும் தூங்கிய சகாவுக்குப் பதவி கிடைத்தது. அவர் "கற்று முடித்தேன்" என்று எழுதியிருந்தார். "அவருக்கு மெஷினை மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்கண்ணே," என்றார் மேலாளர்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "‘முடிச்சாச்சு’ன்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

"அதைத்தான் இன்னைக்குக் கத்துக்கிட்டேன்," என்று எரிந்து விழுந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் பன்னிரண்டாவது வகுப்புக்குக் கிளம்பினார்.