அண்ணன் வாசித்துக் காட்டிய ஒப்பந்தம்

சிதறால் மலையடிவாரத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்த எங்கள் அண்ணன் அவர்கள் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இன்னும் மதிய உறக்கத்தில் அவர் குரல் எனக்குக் கேட்கிறது. ஏதோ ஒரு தாளை நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார். சொற்கள் புரிவதில்லை, குரல் மட்டும் தூறலைப்போல் விழுந்துகொண்டிருக்கிறது.

அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அண்ணன் இளவயதிலேயே வளைகுடா சென்று கட்டட வேலையில் கம்பி கட்டினார். எங்களைக் கரையேற்றியபின் திரும்பிவந்து, புதுக்கடையில் ஓர் அறை எடுத்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பினார். ஒருவனுக்கு விசா வந்ததும் அவன் வீட்டுக்கே போவார். அவன் தாயை எதிரே உட்காரவைத்து, ஒப்பந்தத்தைத் தமிழில் வரிவரியாக வாசிப்பார். வெயில், ஓர் அறையில் எட்டுப் பேர், விடுப்பில்லாத இரண்டு வருடம், எதையும் விடமாட்டார். அதன்பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுப்பார். "நீரு ஆளு அனுப்புதீரா, பயங்காட்டுதீரா?" என்று பலர் சிரித்திருக்கிறார்கள்.

என் மகனுக்கு வேறொரு ஏஜெண்ட் மூலம் விசா வந்தது. தாளை அண்ணனிடம் கொண்டுபோனேன். பாதியில் நிறுத்தினார்.

"இது விசிட் விசாவாக்கும், ஏட்டி. வேலை செய்யப் பாடில்லை. பிடிச்சா ஜெயிலுதான்."

"ஊர்ல உள்ள பயலுவள எல்லாம் ஏத்தி விட்டிய. எனக்க மவன் மட்டும் இங்க கெடக்கணுமா?"

மீதியைக் கேட்காமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். படித்தவள்தான் நான். மகன் போனான். வேலைக்கு வைத்தவர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஒருநாள் போனில் அழுதான்; அதோடு அவனிடமிருந்து அழைப்பே இல்லை.

அண்ணன் அப்போது நெய்யூர் ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்தார். ஏன் அனுப்பினாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுத்தபடியே, தாம் அனுப்பியவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடி அழைப்பார். அந்த நாட்கள் பனிக்குள் நடந்தவைபோல் இருக்கின்றன. கடைசியில் ஒரு கொத்தனார் என் மகனைக் கண்டுபிடித்தார். அவரும் உடன் தங்கியிருந்த ஏழு நண்பர்களும் தங்கள் அறையில் வைத்துச் சோறு போட்டு, தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் பயணத்தாள் வாங்கி, விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மகன் நேரே கட்டிலருகே வந்தான். "மெலிஞ்சு போனியே மக்கா" என்று அண்ணன் அவன் கையைத் தடவினார். நான் கதவோரம் நின்றேன்.

"அண்ணே, எனக்க மேல கோவமா?"

"நீ தாயாக்கும். ஒனக்கு அவசரம் இருக்கும். நான் மாமனில்லியா?"

இரண்டு நாளில் அமைதியாகக் கண்மூடினார்.

அண்ணனைக் கவனித்த செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. என் மகனுக்குச் சோறு போட்ட அந்த அறையின் எட்டுப் பேரே, உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் அம்மாக்கள் எந்த ஊரில் காத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. தினமும் முழங்காலில் நின்று, உங்களையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி கேட்கிறேன்.