கம்பத்து நிழலில் ஓர் இடம்

மழையும் வெயிலும் முறைதவறும் காலத்தில் ஊரைக் காப்பது எப்படி, அதற்கு நிதி கிடைக்கும்படி திட்டம் எழுதுவது எப்படி என்று அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவது என் வேலை. சாப்பாட்டுக்கும் சான்றிதழுக்கும்தான் வருகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சலிப்பு உண்டு.

ஒரகடத்தில் கடைசி நாள் பயிற்சி. எல்லாக் குழுவும் ஏரிக்குக் கான்கிரீட் கரை என்றே எழுதியிருந்தது. பிற்பகலில் ஏசி பஸ்ஸில் வல்லக்கோட்டைப் பக்கம் களப்பயணம் போனோம்.

சாலையோரம், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றிருந்தார்கள். எதிரே கடையோ கவுன்டரோ இல்லை. ஒரு மின்கம்பத்தின் ஒல்லி நிழலுக்குள் அத்தனை பேரும் ஒடுங்கியிருந்தார்கள்.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் வகுப்பு முழுக்கத் தூங்கிவழிந்த ஒன்றியப் பொறியாளர். இறங்கிப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். நிழல் அவருக்கு எட்டவில்லை.

அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "யக்கா, கொஞ்சம் முன்னாடி போங்க. சார் வெயில்ல நின்னுகினு கீறாரு."

யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசை மொத்தமும் ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

மாலைக்குள் அவர் திட்டம் தயார். பஸ் நிறுத்தங்களுக்குக் கூரை, சாலை நெடுக மரம், குடிக்கத் தண்ணீர்.

"பயனாளிகள் யார்னு கேப்பாங்களே?" என்றேன்.

"மொதல்ல என் பேரதான் எழுதினேன் மேடம்" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் வகுப்பில் யாராவது கண்ணயர்ந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொல்கிறேன்.