விராலடிப்பானுக்குக் காவல்

நாகலாபுரம் பக்கத்தில் உள்ள ஒரு கண்மாயில் தண்ணீர் நின்றால் மார்கழியில் விராலடிப்பான் வரும். மீனைப் பாய்ந்து பிடித்துத் தின்னும் பருந்து அது. கரையோரம் காய்ந்து நின்ற கருவேல மரத்தின் உச்சியில்தான் எப்போதும் உட்காரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஞாயிறுதோறும் கோவில்பட்டியில் முதல் பஸ் பிடித்து, பிலிம் கேமராவோடு அதைப் பார்க்கப் போவேன்.

கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் அங்கே ஓர் ஆளை வைத்திருந்தார். காவலும் அவர்தான், வலை வீசுவதும் அவர்தான். நீர்க்காகம் வந்தால் வேட்டுப் போட்டு விரட்டுவார். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்த ஆபீசுலருந்து வருதீங்க?" என்றார். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை என்றேன். நம்பவில்லை.

நான் மட்டும் அவரை நம்பினேனா? மீன் காவல்காரருக்கு மீன் தின்னும் பருந்தை எப்படிப் பிடிக்கும்? அவரோ வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். அது பாய்ந்த இடத்தைக் கண்ணால் அளப்பார். தீர்த்துக்கட்டத்தான் நோட்டம் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் கையில் சாக்கோடு வந்தார்.

"சாக்குல என்ன?"

"கருவாட்டுக் கொழம்பும் சோறும். திங்குதீங்களா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. பறவையை எப்படியும் காப்பாற்றிவிட வேண்டும் என்று காலை முதல் பொழுது சாயும் வரை கருவேல மரத்தடியிலேயே உட்கார்ந்தேன். கேமராவை அவர் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். முதல் நாள் பருந்து மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மறுநாள் வெகுதூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அடுத்த இரண்டு நாளும் வரவேயில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே அவரிடம் போனேன்.

"பருந்தை என்ன செஞ்சீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"அது எங்கன பாயுதோ அங்கனதான் நான் வலை வீசுதேன் அண்ணாச்சி. மீனு மேல வார எடம் அதுக்குத்தான் தெரியும். அந்த மரத்துப் பக்கம் ஒரு வேட்டு போட்டிருப்பனா? நீங்கதான் அதுக்கடியில போயி உக்காந்துட்டீங்க. மனுசன் இருந்தா அது எறங்குமா?"

அப்போதும் என் கண் அவருடைய சாக்கின் பக்கம் போனது. சாக்கு வாய் திறந்து கிடந்தது. உள்ளே தூக்குவாளி மட்டும்தான்.

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அசைவில்லாத தண்ணீரைப் பார்த்தார்.

"இப்ப நான் எங்கன வீச?" என்றார்.