ஏரிக்கரைக் கல்லில் முதல் வரி

வடிவுக்குப் படிப்பு இல்லை, ஆனால் வாய் இருந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே அறுபத்திரண்டு வயது வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சின்ன வயதில் ஆடு மேய்த்தாள், நாற்று நட்டாள். கல்யாணமான பிறகு பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குப் பட்டு நூல் இழைக்கப் போனாள். ராட்டையில் நூல் சுற்றியதைவிட அவள் சுற்றிய பேச்சு அதிகம் என்று மூன்றாம் மாதமே அனுப்பிவிட்டார்கள். இதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது தாமல் ஏரிக்குப் போகிற மண்பாதை முனையில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். இட்லி சுமார்தான். பேச்சுக்காகத்தான் கூட்டம் வருகிறது என்பது அவள் நினைப்பு. பக்கத்தில் வேறு கடை இல்லை என்பது ஊருக்குத் தெரியும்.

அவள் பேச்சில் பாதி அவளுடைய அப்பா காத்தவராயனைப் பற்றியதாக இருக்கும்.

"இந்தக் காலனில மொத முளை அடிச்சது எங்கப்பன்பா" என்று தொடங்குவாள். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஏரிக்கரைப் புறம்போக்கில் வெறும் முள்ளும் பாம்பும்தான் இருந்தன. பண்ணையார் நிலத்தோரம் ஒண்டிக் கிடந்த பதினாலு குடும்பங்களில் ஒருவருக்கும் அங்கே போய்க் குடிசை போடத் துணிச்சல் இல்லை. காத்தவராயன் மட்டும் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். இப்படியே கதை போகும். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கதையில் பாம்பின் நீளம் கூடும், குறையும்.

ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊர் வரலாறு எழுதிக்கொண்டு போக வந்தபோது, "இதாங்கண்ணு அந்தக் கடப்பாரை" என்று மூலையில் கிடந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள். அது அவள் புருஷன் கக்கூஸ் குழி தோண்ட வாலாஜாபாத் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. பிள்ளைகள் அதைத் தொட்டுக் கும்பிட்டபோது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கொஞ்சம்தான். அன்றிலிருந்து அந்தக் கடப்பாரைக்கு ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்துவருகிறாள்.

இந்த வருடம் காலனி முகப்பில் ஒரு கல் வைப்பது என்று முடிவானது. முதலில் குடியேறியவர்களின் பேர்களை வெட்டி நிறுத்த வேண்டும் என்பது வார்டு உறுப்பினர் மணிவண்ணனின் ஆசை. முப்பது வயசுப் பையன், காலனியிலேயே பிறந்து வளர்ந்தவன். கருங்கல் பலகை வந்து சமுதாயக் கூடத்துப் புங்கமரத்தடியில் இரண்டு செங்கல் வரிசைமேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டெம்போ வந்து அதைப் பட்டறைக்கு ஏற்றிப்போகும், மறுநாள் எழுத்து வெட்டத் தொடங்குவார்கள் என்றார்கள். அதற்குமுன் வெட்டப்போகும் வரிகளை எல்லோரும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும் என்று மணிவண்ணன் மூன்று மணிக்கே கூட்டிவிட்டான். வடிவு புது ரவிக்கை போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாராட்டினால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

மணிவண்ணன் போனைப் பார்த்துப் படித்தான்.

"ஏரிக்கரைக் காலனியில் முதலில் குடியேறியவர்கள். ஒன்று, காத்தவராயன். அடுத்த வரி. யாருக்கும் அஞ்சாமல், தன் கடப்பாரையால் முதல் முளை அடித்தவர்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஆயா, அந்தக் கடப்பாரைய குடு. கல்லு பக்கத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சி வெச்சிடலாம்" என்றான் மணிவண்ணன்.

வடிவு மரத்தடியில் கிடந்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கல்லு எத்தினி வருசம்பா நிக்கும்?"

"ஆயிரம் வருசம் நிக்கும் ஆயா. பல்லவன் கட்டின கூரம் கோயில் நிக்கல?"

ஆயிரம் வருடம் என்பதை அவள் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவள் வாயால் சொன்னது இட்லி மாவு மாதிரி, அன்றைக்கு அரைத்தது அன்றைக்கே தீர்ந்துவிடும். நாளைக்கு வேறு மாதிரி அரைத்துக்கொள்ளலாம். கல்லை யார் மாற்றி அரைப்பது? அவள் செத்து, அவள் பேரப்பிள்ளைகள் செத்த பிறகும் அந்தக் கல் அவள் சொன்ன பொய்யைச் சொல்லிக்கொண்டே நிற்கும். அதைவிட, அன்றைக்கு முளை அடித்த கை யாருடையதோ அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

"மணி, அத அழிச்சிடு" என்றாள்.

"எத?"

"எங்கப்பன் முளை அடிக்கல. எங்கம்மாதான் அடிச்சிது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இதுவும் கதையின் புது அத்தியாயம் என்று நினைத்தார்கள் போல.

"நீதான ஆயா இத்தினி வருசமா சொல்லிக்கினு இருந்த?" மணிவண்ணன் குழம்பிவிட்டான்.

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ ஏன் எழுதற?"

பிறகு அவள் இதுவரைக்கும் சொல்லாததைச் சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அப்பா, அம்மா, அவள் மூன்று பேரும்தான் ஏரிக்கரைக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் முளை அடிக்கக் கடப்பாரை இல்லை என்று தெரிந்தது. பண்ணையார் வீட்டில் கேட்டு வாங்கி வருகிறேன் என்று அப்பா திரும்பிப் போனார். போனவரைப் பார்த்த பண்ணையார், "மாட்டுக் கொட்டாயில சாணி கிடக்குது, அள்ளு" என்றார். அள்ளினார். மறுநாளும் அள்ளு என்றார். மறுநாளும் அள்ளினார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வர மூன்று நாள் பிடித்தது. அதற்குள் அம்மா அம்மிக் குழவியை எடுத்து நாலு மூலைக்கும் முளை அடித்து, ஓலை போட்டு, அடுப்பு மூட்டிவிட்டாள். குழவி ஒரு முனையில் உடைந்தது. அப்பா நாலாம் நாள் வந்தார், கடப்பாரை இல்லாமல்.

"அப்போ அந்தக் கடப்பாரை?" என்றான் மணிவண்ணன்.

"அது எங்க வூட்டுக்காரரு கக்கூஸ் தோண்டினது."

இந்த முறை சிரிப்பு நிற்கவே இல்லை. வடிவும் சேர்ந்து சிரித்தாள். வேறு என்ன செய்வது, அவள் அடித்த கூத்துதானே.

சிரிப்பு அடங்கியதும் மணிவண்ணன் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் சரி ஆயா. பட்டா ஆம்பளைங்க பேருலதான் இருக்குது. அதப் பாத்துதான் லிஸ்ட்டு போட்டேன். இப்ப மாத்தினா ஆளாளுக்கு வருவாங்க. பெரியவங்கள்லாம் தொறக்க வராங்க, சிக்கலாயிடும். கடப்பாரைய வேணா எடுத்துடறேன்."

"எங்கம்மா பேரு போடு."

"முடியாது ஆயா."

வடிவு எழுந்து போய்க் கருங்கல் பலகைமேல் உட்கார்ந்துகொண்டாள். நெஞ்சு உறுதியாகத்தான் இருந்தது, உட்காரும்போது முழங்கால் மட்டும் சத்தம் போட்டது.

"ஆயா, டெம்போ வந்துடும்."

"வரட்டும்."

அப்போது பக்கத்து வீட்டு லில்லி வாயைத் திறந்தாள். லில்லியின் அப்பா அந்தோணி. பட்டியலில் இரண்டாவது பேர் அவருடையது.

"மணி, அது சொல்றது நெசம்தான். எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துது. மொத நாள் சாயங்காலம் ஏரிக்கரைல புகை தெரிஞ்சிதாம். குள்ளச்சி ஒருத்தி பொட்டப் புள்ளைய வெச்சிக்கினு ஒலை வெச்சிட்டா, நமக்கு இன்னா கேடுன்னு எங்கப்பன இழுத்துக்கினு வந்துதாம். அந்தப் புகை இல்லன்னா ஒருத்தரும் வந்திருக்க மாட்டோம்."

இது வடிவுக்கே தெரியாது. அந்தப் புகை கண்ணில் பட்டு அவள் அன்றைக்கு அழுதது மட்டும்தான் நினைவில் இருந்தது.

"ஏன்டி, தெரிஞ்சிக்கினே இத்தினி வருசம் வாய மூடிக்கினு இருந்தியா?"

"நீ சொல்லும்போது கேக்க நல்லா இருந்துது வடிவு. அந்தப் பாம்பு வேற."

லில்லி மணிவண்ணன் பக்கம் திரும்பினாள். "பட்டா எப்பப்பா குடுத்தான்? குடிசை போட்டு ரெண்டு வருசம் கழிச்சி. மேல நீ இன்னா எழுதியிருக்கிற? மொதல்ல குடியேறினவங்கன்னுதான? பட்டா வாங்கினவங்கன்னா எழுதியிருக்கிற?"

மணிவண்ணன் போனில் தலைப்பு வரியை மறுபடி படித்தான். ரோட்டுப் பக்கம் டெம்போ திரும்புகிற சத்தம் கேட்டது.

"பேரு சொல்லு ஆயா."

"ஏலவார்குழலி."

கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பேரை இப்போதுதான் கேட்கிறார்கள். வடிவின் தாத்தா காஞ்சிபுரத்துப் பங்குனி உத்திரத்தில் கேட்டுவந்து மகளுக்கு வைத்த அம்மன் பேர் அது. வயல்காட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குள்ளச்சி என்பார்கள், இல்லாவிட்டால் ஏய்.

"போட்டாச்சி. மொத வரி. உங்கப்பா பேர எடுத்துடட்டுமா?"

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. சாணி அள்ளிவிட்டு வந்த மனுஷன், அதற்குப் பிறகு முப்பது வருடம் இந்த மண்ணை விட்டு நகரவில்லை. காலனிக் கிணற்றில் இறங்கி வெட்டியவர்களில் அவரும் ஒருவர். பண்ணையார் வீட்டுப் பக்கம் மட்டும் சாகிற வரைக்கும் தலைவைத்துப் படுக்கவில்லை.

"எடுக்காத. அஞ்சாமல் கிஞ்சாமல்னு எழுதின பாரு, அந்த வரிய எடு. எடம் சரியாயிடும். ரெண்டாம் நாள் அந்தோணி மாமா, மூணாம் நாள் அவரு மச்சான். எங்கப்பன் நாலாம் நாள் வந்தாரு. நாலாவதா போடு."

"புருசன் பொண்டாட்டி நடுவுல ரெண்டு பேரு வராங்களே ஆயா. படிக்கறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். சொல்லுவேன்."

"நெசத்தச் சொல்லுவியா?" என்றாள் லில்லி.

"கல்லு பக்கத்துல வெச்சி கேட்டா சொல்லுவேன்."

மணிவண்ணன் திருத்தியதைப் படித்துக் காட்டினான். முதல் வரியை மட்டும் அவள் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். டெம்போ ஓட்டி வந்த தனுஷ் இறங்கி வந்து, கல்லையும் அதன்மேல் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லாம் முடிஞ்சிதுல்ல, எழுந்திரு ஆயா" என்றான் மணிவண்ணன்.

வடிவு எழுந்திருக்கவில்லை. இன்னும் என்ன பிடிவாதம் என்று கூட்டம் முணுமுணுத்தது. அவள் லில்லியைக் கிட்டே கூப்பிட்டு, "முட்டி புடிச்சிக்கிச்சிடி, தூக்கு" என்றாள். லில்லி ஒரு கை, மணிவண்ணன் ஒரு கை, இடுப்பைத் தாங்க இன்னும் இரண்டு பேர்.

"கல்லுக்கு ஆளு கம்மியா போதும்போல" என்றான் தனுஷ்.